மேற்படி அறை

உஷ் மேடம் என்ற பெயரை வைத்தவன் நான்தான். பாசத்தில் வைத்ததல்ல, எரிச்சலில் வைத்தது. ஒன்பது வருடத்துக்கு முன்னால், எங்கள் ஊர்ப் பொது நூலகத்துக்கு அவர் பொறுப்பாளராக வந்த முதல் வாரம். என் கடைக் காப்பி இயந்திரத்துக்கு மை கொண்டுவராமல் நாலு நாளாக இழுத்தடித்த ஆளை, நான் வாசிப்புக் கூடத்தில் நின்றுகொண்டு போனில் வறுத்தெடுத்துக்கொண்டிருந்தேன். கழுத்தில் மூக்குக் கண்ணாடி தொங்க, ஒல்லியான ஒரு பெண்மணி மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தார். என் முகத்துக்கு நேரே விரலை நீட்டி "உஷ்" என்றார். அவ்வளவுதான். சார் கிடையாது, கொஞ்சம் மெதுவா கிடையாது, ஒன்றும் கிடையாது. பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஏழெட்டுப் பேர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். எனக்குக் காது வரைக்கும் சூடேறியது. வெளியே வந்து கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் "உஷ் மேடம் வந்திருக்காங்க, ஜாக்கிரதை" என்று சொல்லிவைத்தேன். பெயர் ஒட்டிக்கொண்டது.

நூலகத்துக்கு எதிரே என் கடை. போட்டோ காப்பி, டைப்பிங், விண்ணப்பம் எழுதித் தருவது. முப்பது வருடமாக இதுதான் பிழைப்பு. இந்த ஊரில் பிறந்தவர், இறந்தவர், கல்யாணம் கட்டியவர், வீடு மாறியவர் எல்லாருடைய காகிதமும் என் கை வழியாகத்தான் போயிருக்கிறது. எனக்குக் கோபக்காரன் என்று பெயர். அதில் பொய் ஒன்றுமில்லை. "உங்க கோபத்துக்கு யாராவது விலாசம் எழுதி ஒட்டினாத்தான் அது சரியான எடத்துக்குப் போகும்" என்பாள் என் மனைவி. அவள் சொல்வதை நான் காதில் வாங்கியதில்லை. வாங்கியிருக்க வேண்டும்.

நூலகம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். முன்னால் ஒரு கூடம், பின்னால் ஒரு அறை, அவ்வளவே. பின்னறையில் முன்பெல்லாம் பூச்சி அரித்த பத்திரிகைக் கட்டுகளும் கால் உடைந்த ஏணியும் கிடந்தன. உஷ் மேடம் வந்த மூன்றாம் மாதம் அதையெல்லாம் அப்புறப்படுத்தி, சுவருக்கு வெள்ளை அடித்து, நீளமாக ஒரு மேசையைப் போட்டார். பிறகு ஆரம்பித்தது கூத்து. சனிக்கிழமை காலை குழந்தைகளுக்குக் கதை சொல்லும் நேரம். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் வந்து சிங்கம் மாதிரி உறுமுவார், கதையில் இல்லாத இடத்திலெல்லாம் ஹாரன் அடிப்பார். என் கடை வரைக்கும் கேட்கும். வியாழக்கிழமை, வேலை தேடுகிறவர்களுக்கு நேர்முகத் தேர்வு ஒத்திகை. மேடமே அதிகாரி மாதிரி முறைத்துக்கொண்டு எதிரே உட்காருவார். மாதத்தில் ஒரு நாள் ஒரு நர்ஸ் வந்து, எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால், எது பின்னால் என்று அட்டையைப் பிரித்து வைத்துக்கொண்டு விளக்குவாள். என்னைப் பார்த்து உஷ் என்றவர், ஊரிலேயே பெரிய சத்தத்தைத் தன் பின்னறையில் வளர்த்துக்கொண்டிருந்தார்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். புதன்கிழமை விண்ணப்பம் நிரப்பும் நாள் என்று வாசலில் ஒரு அட்டையைத் தொங்கவிட்டாரே, அதைப் பார்த்ததும் எனக்கு வயிறு பற்றி எரிந்தது. அது என் தொழிலாயிற்றே! நேரே போய்விட்டேன் சண்டைக்கு.

"எதிர்ல ஒருத்தன் முப்பது வருஷமா கடை வெச்சிருக்கான். அவன் வாயில மண்ணப் போடணும்னே இத ஆரம்பிச்சீங்களா மேடம்?"

அவர் கண்ணாடியை ஏற்றிப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"உங்க கடைல நீங்க எழுதிக் குடுக்கறீங்க சார். இங்க அவங்களே எழுதறாங்க. ரெண்டும் வேற வேற."

"என்ன பெரிய வேற?"

"ஒரு புதன்கிழமை வந்து பாருங்க. புரியும்."

நான் போகவில்லை. ரோஷம் விடவில்லை.

அவரைப் பற்றிக் கொஞ்சம் விசாரித்தேன். குற்றம் கண்டுபிடிக்கத்தான் விசாரித்தேன், மறைப்பானேன். பேக்கரி மாடியில் தன் தங்கையோடு குடியிருந்தார். மழையோ வெயிலோ கையில் குடை. மத்தியானத்துக்கு இரண்டு வாழைப்பழமும் ஒரு தம்ளர் பாலும். இருபத்திரண்டு வருடம் தலைமை நூலகத்தில் புத்தகங்களை இனம் பிரித்து எழுதும் பிரிவில் வேலை. எந்தப் புத்தகம் எந்தத் தலைப்பின் கீழ் வரும் என்று நாள் முழுக்கத் தீர்மானிக்கிற வேலை. அங்கே ஒரு வருடம், நடக்காத விழா ஒன்றை நடந்ததாக அறிக்கையில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். "நடக்கல, எழுத மாட்டேன்" என்றிருக்கிறார். அதற்குப் பரிசுதான் எங்கள் ஊர். இதைச் சொன்ன ஆள், பிழைக்கத் தெரியாத பொம்பளை என்று முடித்தார். நானும் தலையாட்டினேன். இன்று நினைத்தால் அந்தத் தலையைத் தனியாகக் கழற்றி வைத்து நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது.

இப்போது அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அண்ணன் இறந்து எட்டு வருடமாகிறது. மகளைத் தூர ஊரில் கட்டிக்கொடுத்துவிட்டு, எங்கள் வீட்டின் பின்கட்டில் இருக்கிறார் அண்ணி. நூலகத்தில் கூட்டித் துடைக்கும் வேலை. பின்னறைச் சாவி அவர் இடுப்பில்தான் இருக்கும். காலை எட்டுக்குப் போனால் பத்துக்கு வேலை முடிந்துவிடும். ஆனால் செவ்வாயும் வெள்ளியும் மட்டும் பன்னிரண்டு மணி வரை வருவதில்லை. கேட்டால், "பின்னறைல வேல இருக்கு தம்பி" என்பார்.

ஒரு பக்கம் என் பிழைப்பில் கை, மறு பக்கம் என் அண்ணிக்கு இடுப்பொடிய வேலை. விடுவேனா? மறுபடியும் படியேறினேன்.

"கூட்டறதுக்குத்தானே ஆள் வெச்சிருக்கீங்க? நாலு மணி நேரமா அந்த ஒரு அறையக் கூட்டறாங்க? கேக்க ஆளில்லன்னு நெனச்சீங்களா?"

உஷ் மேடம் வாயைத் திறந்தார். உள்ளே, கதவோரம் அண்ணி துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தார். மேடம் அவரைப் பார்த்தார், அவர் மேடத்தைப் பார்த்தார். மேடம் வாயை மூடிக்கொண்டார். பத்து நிமிடம் நான் கத்தியதை நின்று கேட்டுவிட்டு, "சரி சார்" என்றார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்து மீசையைத் தடவிக்கொண்டு கடைக்கு வந்தேன். அடுத்த செவ்வாய் அண்ணி பன்னிரண்டரைக்கு வந்தார்.

அந்தக் காலத்தில்தான் அண்ணியின் பேச்சில் ஒரு சொல் புதிதாகப் புகுந்தது. மேற்படி. ஆமாம், நாங்கள் டைப் அடிக்கிற, அதிகாரிகள் எழுதுகிற, மனிதர் வாயில் வராத அதே மேற்படி. காணாமல் போன சட்டையைத் தேடிக்கொண்டிருந்தால், "மேற்படி சட்ட கொடில காயுது தம்பி" என்பார். மருமகன் போன் செய்தால், "மேற்படியார் கூப்புடறார்" என்பார். என் மனைவி விழுந்து விழுந்து சிரிப்பாள். நூலகத்தில் நாலு அதிகாரி பேசுவதைக் கேட்டு ஒட்டிக்கொண்டது என்று நான் நினைத்தேன். முப்பது வருடம் எழுத்தோடு கிடந்தவனுக்கு அவ்வளவுதான் புத்தி ஓடியது.

ஒரு வெள்ளிக்கிழமை மேடம் கேட்டிருந்த பிரதிகளைக் கொடுக்க நானே போனேன். கூடத்தில் அவரைக் காணவில்லை. பின்னறைக் கதவு ஒருக்களித்திருந்தது. எட்டிப் பார்த்தேன். நீள மேசையைச் சுற்றி ஒன்பது பேர். இஸ்திரிக்காரர், கொத்து வேலைக்காரர் ஒருவர், சந்தையில் காய் விற்கும் இரண்டு பெண்கள், இன்னும் சிலர். நடுவில் என் அண்ணி. கையில் ஒரு காகிதம். விரலை வரிக்கு வரி நகர்த்திக்கொண்டு சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"மேற்... படி... சுற்... சுற்றறிக்கையின்... படி..."

அவர் கையில் இருந்தது தலைமை அலுவலகம் அனுப்பிய பழைய சுற்றறிக்கை. உஷ் மேடத்தின் பாடப் புத்தகம் அதுதான். ஐம்பது வயதுக்காரர் கையில் பொம்மை போட்ட குழந்தைப் புத்தகத்தைக் கொடுத்தால் அவருக்கு அவமானம், அடுத்த நாள் வர மாட்டார் என்பது அவர் கட்சி. மருந்து அட்டை, பஸ் பலகை, அலுவலகத் தாள், எது இவர்களைப் பயமுறுத்துகிறதோ அதையே படிக்க வைப்பார். தலைமை அலுவலகத்துச் சுற்றறிக்கைக்கு அலமாரியில் பஞ்சமேயில்லை.

அண்ணி நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். காகிதத்தைக் குப்புறக் கவிழ்த்துவிட்டார், திருடி அகப்பட்டவர் மாதிரி. நான் பிரதிகளை வாசல் நாற்காலியில் வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

அன்று மத்தியானம் பின்கட்டுக்குப் போனேன். "என்கிட்ட சொல்லியிருக்கலாமே அண்ணி. நானே சொல்லிக் குடுத்திருப்பேனே" என்றேன். கேட்கும்போதே கோபமாகத்தான் கேட்டேன், எனக்கு வேறு எப்படிக் கேட்கத் தெரியும்?

அண்ணி உலர்ந்த துணியை மடித்துக்கொண்டே சொன்னார்.

"ஒரு தடவ உங்ககிட்ட கேட்டேன் தம்பி. ஞாபகம் இருக்கா? உங்க அண்ணனுக்கு ஆபரேஷன்னு ஆஸ்பத்திரில ஒரு காயிதம் நீட்டினாங்க. இதுல என்ன எழுதியிருக்குன்னு கேட்டேன். நேரமாகுது, நீங்க கைய வைங்க அண்ணி, நான் பாத்துக்கறேன்னீங்க. வெச்சேன்."

எனக்கு நினைவு வந்தது. அன்று அண்ணி கைநாட்டு வைத்த மைப்பெட்டிகூட என்னுடையதுதான், சட்டைப் பையில் எப்போதும் வைத்திருப்பேன்.

"அதப் படிச்சிருந்தா அவர் பொழச்சிருப்பாருன்னு சொல்லல. விதிய யாரு மாத்த முடியும்? ஆனா என்ன செய்யப் போறாங்கன்னு தெரிஞ்சிருந்தா, உள்ள போறதுக்கு முன்னாடி அவர்கிட்ட ரெண்டு வார்த்த பேசியிருப்பேன். கையப் புடிச்சிருப்பேன். எதுக்குன்னே தெரியாம கட்ட வெரல வெச்சிட்டு, டீ வாங்கப் போயிட்டேன். இனிமே ஒரு முழுப் பக்கம் யார் தொணையும் இல்லாம நானே படிக்கணும். படிச்சிட்டுத்தான் எதுலயும் கை வெக்கணும். அதுக்குத்தான் போறேன்."

எட்டு வருடமாக இந்த மனுஷி என் வீட்டுப் பின்கட்டில் இதைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார். நான் ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். கோபத்துக்கு விலாசம் என்றாளே மனைவி, அன்று அது என் பெயருக்கே வந்து சேர்ந்தது.

அப்புறம் அடிக்கடி பின்னறைப் பக்கம் போனேன். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு அறைக்கும் தலைமை அலுவலகம் ஒரு பதிவேடு கொடுத்திருந்தது. தேதி, வாசகர் பெயர், வாசித்தது, கையொப்பம் என்று கட்டம் போட்ட தடித்த புத்தகம். முதல் வாரம் அதைப் பின்னறை வாசலில் பேனாவோடு வைத்திருக்கிறார் உஷ் மேடம். எழுத்துக் கற்க வந்த ஒரு பெண் அந்தப் பேனாவைப் பார்த்ததும், வந்த வழியே திரும்பிப் போய்விட்டாராம். அன்றே மேடம் பதிவேட்டை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, "வந்தவர்கள்" என்று ஒரு சாதாரண நோட்டைத் திறந்தார். யார் வந்தாலும் அதில் அவரே எழுதிக்கொள்வார். ஒருவர் முன்பின் பார்க்காத ஒரு முழுப் பக்கத்தை, யாரும் அடி எடுத்துக் கொடுக்காமல், சத்தமாகப் படித்து முடிக்கிற அன்றைக்கு அலமாரி திறக்கும். பதிவேடு மேசைக்கு வரும். "இன்னையிலேருந்து நீங்க வாசகர். பேர எழுதுங்க" என்பார். ஐந்து வருடத்துக்கு முன்னால் இஸ்திரிக்காரர் தன் பெயரை எழுதிவிட்டு மேசையில் தலையை வைத்து அழுதாராம். மறுநாள் தெரு முழுக்க எல்லாருடைய துணியையும் சும்மா தேய்த்துக் கொடுத்தார்.

ஒன்பது வருடத்தில் அப்படிப் பதின்மூன்று பேர். அண்ணி இரண்டு தடவை முயன்றார். இரண்டு தடவையும் பக்கத்தின் கடைசியில், "உறுதி கூறுகிறேன்" என்ற இடத்தில் நாக்கு குழறி நின்றுவிட்டார். மேடம் உதவவில்லை. "அடுத்த மாசம்" என்றார்.

அடுத்த மாதம் வந்தது அதிகாரி. தலைமை அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு. நிமிடத்துக்கு ஒரு தடவை கைக்கடிகாரத்தைப் பார்க்கிற ஆள். பின்னறைப் பதிவேட்டைக் கேட்டார், புரட்டினார்.

"ஒம்பது வருஷத்துல பதிமூணு பேரா? கடைசி மூணு வருஷத்துல ஒருத்தரும் இல்லயா?"

மேடம் நோட்டுகளைக் கொண்டுவந்து அடுக்கினார். இருபத்தாறு நோட்டு. ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் சனியும், வந்தவர், வந்த நேரம், எந்த எழுத்து வரை படித்தார் என்பது வரை மணிமணியான கையெழுத்தில்.

"இது பதிவேடு இல்லம்மா. நோட்டு. முத்திர இருக்கா? பக்க எண் இருக்கா?" என்று ஒரு விரலால் தள்ளினார் அந்த மனிதர். ஒரு விரலால்! இருபத்தாறு நோட்டையும் அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அவர் போனதும் நான் மேடத்திடம்தான் பாய்ந்தேன். "அந்தப் பதிவேட்டுலயே எழுதித் தொலச்சிருக்கலாமே மேடம்! வந்தவங்கதானே? வாசகர்னு எழுதினா கை சுளுக்கிக்குமா?"

"வாசகர்னா வாசிக்கறவங்க சார். வாசிக்காதவங்கள எப்படி வாசகர்னு எழுதறது? அப்படி எழுதிட்டா, அவங்க வாசிச்ச அன்னைக்கு நான் என்ன எழுதுவேன்?"

தலையில் அடித்துக்கொண்டேன். இருபத்திரண்டு வருடம் சரியான தலைப்பைத் தேடித் தேடி எழுதிய புத்தி அது, வளையாது. நடக்காததை நடந்ததாக எழுதவில்லை என்று அங்கே விரட்டினார்கள். நடந்ததைத் தப்பான கட்டத்தில் எழுதவில்லை என்று இங்கே கழுத்தைப் பிடிக்கிறார்கள். இதற்குப் பெயர் நிர்வாகமாம்!

பத்து நாளில் கடிதம் வந்தது. பின்னறையை ஒப்படைக்க வேண்டும். எதற்குத் தெரியுமா? தலைமை அலுவலகத்தில் கழித்துப்போட்ட நாற்காலிகளை வைக்க. கை இல்லாத நாற்காலி, முதுகு இல்லாத நாற்காலி, நாற்பத்தைந்து. மனிதர்கள் உட்கார்ந்து படிக்கிற அறையில், மனிதர்கள் உட்கார முடியாத நாற்காலிகள்! கூடத்திலேயே வகுப்பை நடத்தலாமே என்றால், கூடத்தில் சத்தம் கூடாது என்று விதி. பேப்பர் படிப்பவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து எழுத்துக் கூட்ட இவர்களும் வர மாட்டார்கள். அண்ணி இடுப்புச் சாவியை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார். நான் மனு டைப் செய்தேன், ஊரில் நூறு பேரிடம் கையெழுத்து வாங்கினேன், அனுப்பினேன். பதிலே வரவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை கடையில் நல்ல கூட்டம். ஒரு டிரைவர் வந்து, கையால் எழுதிய ஐந்து தாளை நீட்டி, அவசரம் என்றார். அடித்து, வழக்கம்போல் அடியில் கடை முத்திரை குத்திக் கொடுத்தேன். முப்பது வருடத்துப் பழக்கம் அது. கண் பார்க்கும், விரல் அடிக்கும், இரண்டுக்கும் நடுவில் தலை என்று ஒன்று இருப்பது மறந்தே போகும். மேற்படி, மேற்படி என்று அடித்துக்கொண்டே பக்கத்து ஆளோடு பேசிக்கொண்டிருந்தேன். போகும்போது டிரைவர், "மைப்பெட்டி இருந்தா குடுங்க, இப்ப தந்துடறேன்" என்றார். கொடுத்தேன். கால் மணி நேரம் கழித்து மறுபடி வந்தார்.

"சாட்சிக் கையெழுத்துக்குப் பக்கத்துக் கடைக்காரர் ஒருத்தர் வேணுமாம். சார் கூப்புடறார்."

தெருவுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன், நூலக வாசலில் லாரி. அதன் மேல் நாற்காலிக் கால்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

பின்னறையில் எல்லாரும் எழுந்து சுவரோரமாக நின்றார்கள். அதிகாரி மேசைத் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். உஷ் மேடம் அலமாரிப் பக்கத்தில். அண்ணி அதிகாரிக்கு எதிரே. மேசையில் நான் அடித்த தாள்களில் ஒன்று. அதன் பக்கத்தில் மூடி திறந்த என் மைப்பெட்டி. சாவி அண்ணியின் பொறுப்பில் இருப்பதால், அறை பயன்பாட்டில் இல்லை என்று அவர்தான் உறுதிமொழி தர வேண்டுமாம்.

"இங்க ஒரு கை வைங்கம்மா" என்று மைப்பெட்டியைத் தள்ளினார் அதிகாரி. "வழக்கமா வெக்கறதுதானே."

அண்ணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். மையைத் தொடவில்லை. தாளை எடுத்தார்.

"படிச்சிட்டு வெக்கறேன் சார்."

"அதெல்லாம் எதுக்கு? நேரமாகுது" என்று கடிகாரத்தைப் பார்த்தார் அவர். நேரமாகுது! எட்டு வருடத்துக்கு முன்னால் நான் சொன்ன அதே வார்த்தை.

அண்ணி விரலை முதல் வரியில் வைத்தார்.

"மேற்படி நூலகத்தின்... பின்புற அறை... கடந்த மூன்று ஆண்டுகளாக... வாசகர்... பயன்... பயன்பாட்டில் இல்லை என்பதை..."

நிறுத்தினார். நிமிர்ந்து சுவரோரம் நின்றவர்களைப் பார்த்தார். மறுபடி குனிந்தார். ஒரு வரி, அடுத்த வரி. முழுப் பக்கம் அது, நான்தான் நெருக்கி அடித்திருந்தேன். கடைசி வரிக்கு வந்தார்.

"மேற்படி அறையைச் சுத்தம் செய்யும்... பணியாளராகிய நான்... நேரில் அறிந்து... உறு... உறு..."

அதே இடம். அதே குழறல். என்னால் தாங்க முடியவில்லை. "அண்ணி, உறுதி" என்று சொல்ல வாயெடுத்தேன்.

"உஷ்!"

உஷ் மேடம். ஒன்பது வருடத்துக்குப் பிறகு, அதே விரல், என் முகத்துக்கு நேரே. நான் வாயை மூடினேன்.

"உறுதி... கூறு... கூறுகிறேன்" என்றார் அண்ணி. "உறுதி கூறுகிறேன்."

தாளை மேசையில் வைத்தார்.

"நான்னு போட்டிருக்கு. அது நான்தானே சார்? நேர்ல அறிஞ்சதுன்னு போட்டிருக்கு. நான் நேர்ல அறிஞ்சது வேற. நாலு வருஷமா இந்த பெஞ்சில உக்காந்து படிக்கறேன். இதோ இத்தன பேர் படிக்கறாங்க. இதுல பொய் எழுதியிருக்கு. நான் கை வெக்க மாட்டேன்."

"யம்மா, இது சும்மா ஒரு நடைமுறை. எப்பவும் இப்படித்தான் எழுதறது."

"எப்பவும் நான் படிச்சதில்ல சார்."

அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. மேடத்தைப் பார்த்து, "நீங்கதான் தூண்டி விடறீங்க. ஓய்வு பெற ஒரு வருஷம்தான் இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்" என்றார். மேடம் அலமாரியைத் திறந்து பதிவேட்டை எடுத்தார்.

"என்ன பண்றீங்க மேடம்?"

"வாசகர் வந்திருக்காங்க சார். பதியணும்."

மேசையில் விரித்து வைத்தார். அண்ணி பேனாவைப் பிடித்து, நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, தன் பெயரை எழுதினார். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நின்றது. "வாசித்தது" என்ற கட்டத்தில், அந்த அறையை மூட வந்த தாளைத்தான் எழுத வேண்டியிருந்தது. "ஒப்படைப்பு உறுதிமொழி, ஒரு பக்கம்" என்று எழுதினார் மேடம். அவர் தப்பான கட்டத்தில் எதையும் எழுத மாட்டார் என்றுதான் சொன்னேனே.

பிறகு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். உறுதிமொழி இல்லாமல் ஒப்படைப்பு செல்லாது. லாரி நாற்காலிகளோடு திரும்பிப் போனது. ஒழுங்கு நடவடிக்கை ஏன் எடுக்கக்கூடாது என்று மேடத்துக்கு ஒரு குறிப்பாணை வந்தது. இரண்டு பக்கம். அதை நான் ஒன்பது பிரதி எடுத்துக் கொடுத்தேன், வெள்ளிக்கிழமை வகுப்பில் அதுதான் பாடம். அதில் மேற்படி என்ற சொல் பதினொரு தடவை வருகிறது. இன்னொரு அதிகாரி வருவார், இன்னொரு தாள் வரும், எனக்குத் தெரியாதா? வரட்டும். இப்போதெல்லாம் என் கடையில் எந்தத் தாளையும் படிக்காமல் அடிப்பதில்லை. வாடிக்கையாளர்கள் தாமதம் என்று திட்டுகிறார்கள், நானும் திருப்பித் திட்டுகிறேன்.

ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை, அதிகாரி எழுந்து போன பிறகு, பின்னறையில் எல்லாரும் அண்ணியைச் சூழ்ந்துகொண்டார்கள். காய் விற்கும் பெண்கள் கட்டிப்பிடித்தார்கள். நான் வாசலருகே நின்றேன். அண்ணி அந்தத் தாளைக் கையில் எடுத்து, அடியில் என் கடை முத்திரை இருந்த இடத்தில் விரலை வைத்துப் படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலை குனிந்தேன். அவர் மைப்பெட்டியின் மூடியை அழுத்தி மூடினார், என்னிடம் வந்தார், என் கையை விரித்து அதில் வைத்தார்.

"இது உங்க சாமான் தம்பி" என்றார். "நீங்களே வெச்சிக்குங்க."